அடியேன் என்னும் சொல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலங்களில் திவ்யதேசங்களுக்கும் அபிமான ஸ்தலங்களுக்கும் வரும் ஸேவார்த்திகளின் காதில் முதன்முதலில் விழும் சொல் ‘அடியேன்’ என்பதாகும். பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் கைகூப்பி ‘அடியேன்’ என்பர். ஒருவர் பெயரிட்டு அழைத்தால் ‘ஏன்’ என்று கேளாமல் ‘அடியேன்’ என்றே குரல் கொடுப்பர். தம் இல்லத்தைச் சொல்ல நேர்ந்தால் ‘அடியேன் குடிசை’ என்றும், பிறர் இல்லத்தைச் சொல்லும்போது ‘தேவரீர் திருமாளிகை’ என்றும் கூறுவது ஸ்ரீவைஷ்ணவ பரிபாஷை. கடிதம் எழுதினால் தலைப்பில் தண்டன் ஸமர்ப்பித்து, முடிவில் ‘அடியேன், தாஸன்’ என்று கையொப்பம் இடுவர். மாடவீதி நான்கு என்றாலும், மாளிகை மூன்று அடுக்கு என்றாலும், அதுவும் ‘அடியேன் குடிசை’தான்!

இவ்வளவு முறை வாயில் புழங்குவதனாலேயே இச்சொல்லின் பொருள் பலருக்கு மறந்துபோயிற்று. நூறாண்டு மிதிபட்ட திருவாசற்படி போல அது தேய்ந்து கிடக்கிறது. கூட்டத்தில் முந்திச் செல்ல முழங்கையால் ஒருவரை இடித்துவிட்டு, அதே மூச்சில் ‘அடியேன், அடியேன்’ என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களைக் கருடஸேவையன்று எந்த ஊரிலும் காணலாம். ஆகவே இச்சொல் எங்கிருந்து வந்தது, யாரிடம் சொல்லத் தக்கது, சொன்னவருக்கு அது என்ன கடமையை விதிக்கிறது என்பவற்றைச் சிறிது ஆராய்வது உத்ஸவத்திற்கு வந்த அன்பர்களுக்குப் பயன்படும்.

‘அடி’ என்பது பாதம். ‘ஏன்’ என்பது தன்மை ஒருமை விகுதி. சிறியேன், எளியேன் என்பன போல அடியேன். அடியான் என்றால் ஆண்பால், அடியாள் என்றால் பெண்பால். அடியேன் என்பதிலோ பால் வேறுபாடு இல்லை. ஆடவரும் பெண்டிரும், வேதம் வல்லாரும் எழுத்தறியாதாரும் ஒரே உருவில் சொல்லக்கூடிய சொல் இது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இச்சொல்லில் ‘நான்’ அழிந்துவிடவில்லை. அது விகுதியாய், அடிக்குப் பின்னே நிற்கிறது. ‘நான்’ என்று தொடங்கும் பேச்சில் தான் முன்னே நிற்கிறான். ‘அடியேன்’ என்று தொடங்கும் பேச்சில் எம்பெருமான் திருவடி முன்னே நிற்கத் தான் அதைப் பற்றிக்கொண்டு வருகிறான்.

பூர்வாசார்யர்கள் திருமந்த்ரத்திற்குப் பொருள் அருளிச்செய்யும் முறையும் இதற்கு ஒத்திருக்கிறது. ப்ரணவத்தில் முதலில் நிற்கும் அகாரம் எம்பெருமானைச் சொல்லும். கடைசியில் நிற்கும் மகாரம் ஜீவனைச் சொல்லும். அவன் முன்னே, இவன் பின்னே. நடுவில் நிற்கும் உகாரமோ இந்த ஜீவன் அவனொருவனுக்கே உரியவன், வேறெவருக்கும் உரியவனல்லன் என்று மற்றவர்களை விலக்குகிறது. அதாவது ‘அடியேன்’ என்று ஒருவன் சொல்லும்போது பாதிப் பொருள் பணிவு. மீதிப் பாதி, பிறர்க்கு அடிமையல்லேன் என்னும் மறுப்பு. பணிவை எல்லோரும் அறிவர். மறுப்பை நினைப்பவர் குறைவு.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பே. ‘அடிமை’ என்னும் சொல் உலகியலில் அவ்வளவு மங்களமான சொல்லன்று. இக்கிழக்குக் கடற்கரையிலேயே மனிதரை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிய காலம் ஒன்று இருந்தது. சென்னைக் கோட்டையின் நிர்வாகம் 1680ஆம் ஆண்டுகளில் அந்த ஏற்றுமதியைத் தடுக்க உத்தரவிட வேண்டியதாயிற்று. அடிமையுரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் வந்தது 1843ஆம் ஆண்டில்தான். பஞ்சத்தில் தன்னையும் தன் மக்களையும் எழுதிக்கொடுத்த ஓலைகள் தமிழ்நாட்டு வரலாற்றில் உண்டு. அப்படிப்பட்ட சொல்லையா ஆழ்வார்களும் ஆசார்யர்களும் தலைமேற் கொண்டார்கள்?

ஆம், தெரிந்தே கொண்டார்கள். விலைக்கு வாங்கப்பட்டவனின் அடிமை பிறர் அவன்மேல் சுமத்தியது. அது வந்தேறி. எம்பெருமானுக்கு அடிமையாயிருத்தல் ஜீவனுக்கு ஸ்வரூபம் என்பது நம் ஸித்தாந்தம். தாய்க்குப் பிள்ளை உரியவனாயிருப்பது யாரும் எழுதிக்கொடுத்ததால் வந்ததன்று, அதுபோல. இந்த ஸ்வரூபத்தை உணர்ந்தவன், மனிதனை மனிதன் சொத்தாக்கிக்கொள்ளும் மற்ற அடிமையை ஒப்புக்கொள்ள வழியில்லை. எல்லோரும் ஒருவனுக்கே உடைமை என்றால், ஓர் உடைமை இன்னோர் உடைமையை எப்படி விலைபேசும்?

இதை ஏட்டைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் ஒன்று வடசென்னையில் இருக்கிறது. திருவொற்றியூரைச் சேர்ந்த காலடிப்பேட்டை. திருவொற்றியூர் என்றதும் தியாகராஜ ஸ்வாமி திருக்கோயிலும், சங்கிலியாரை அங்கே மணந்த சுந்தரமூர்த்தி நாயனாரும் நினைவுக்கு வருவர். அந்நாயனார் பாடிய திருத்தொண்டத்தொகையிலும் ‘அடியேன்’ என்னும் சொல்லே அடியார் ஒவ்வொருவரையும் நோக்கித் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை இங்கே சொல்லாமல் விடுவது முறையாகாது. அப்பெருந்தலத்தின் தென்பக்கத்தில், கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில்கொண்டு எழுந்தருளியிருக்கும் பேட்டை அது.

1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட் என்னும் ஆங்கிலேயர். நெசவாளர்களையும் துணியில் சித்திரம் தீட்டுவோரையும் குடியேற்றி அவர் ஏற்படுத்திய பேட்டைக்கு அவர் பெயராலேயே காலெட்பேட்டை என்று பெயராயிற்று. அவருடைய கச்சேரியில் வீரராகவர் என்னும் ஸ்ரீவைஷ்ணவர் உத்தியோகம் பார்த்தார் என்றும், அவர் காஞ்சி தேவப்பெருமாளிடம் ஆழங்கால்பட்டவர் என்றும் தலவரலாறு கூறும். நாள்தோறும் காஞ்சிக்குச் சென்று வரதனை ஸேவித்த பிறகே அவர் வேலைக்கு வருவாராம். எழுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. ராயபுரத்தில் ரயில் வந்ததே 1856இல்தான். அப்படியிருக்க இது எப்படிக் கூடும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தலவரலாறு அந்தக் கணக்கில் நிற்கவில்லை.

வேலைக்கு நேரங்கழித்து வரும் காரணத்தைக் கேட்ட துரை, ‘அப்படியானால் இந்த நிமிஷத்தில் காஞ்சியில் உன் பெருமாளுக்கு என்ன நடக்கிறது, சொல்’ என்று சோதித்தாராம். வீரராகவர் கண்ணை மூடினார்; வரதனுடைய புறப்பாட்டில் அவ்வேளை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர் போல எடுத்துரைத்தார். துரை ஆளனுப்பி விசாரித்தார். சொன்னது சொன்னபடியே இருந்தது. இப்படிப்பட்டவரை அன்றாடம் அலைய வைக்கலாகாது என்று எண்ணி, வரதனை இங்கேயே எழுந்தருளப்பண்ணக் கோயில் எடுக்கச் செய்தார் என்பது செவிவழியாய் வரும் செய்தி.

இவ்வரலாற்றில் அற்புதம் என்று பலரும் வியப்பது தூரதர்சனத்தை. உண்மையில் வியக்கத்தக்கது வேறொன்று. வீரராகவர் கவர்னரிடம் சம்பளம் வாங்கினார். கணக்கு எழுதினார், ஏவிய பணியைச் செய்தார், கேட்ட கேள்விக்கு மரியாதையாகவே விடை சொன்னார். ஆனால் ‘அடியேன்’ என்று அவர் சொன்ன இடம் காஞ்சியில் இருந்தது. கவர்னருடைய அதிகாரம் அந்த இடத்தை எட்டவில்லை. உழைப்புக்குக் கூலி பெறுவது வேறு, ஒருவருக்கு உரியவனாயிருப்பது வேறு என்பதை அவர் தம் ஒழுக்கத்தினாலேயே காட்டினார். உகாரத்தின் பொருள் இதுவே. காசிமேட்டில் வலை இழுப்பவருக்கும், எண்ணூர்த் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுபவருக்கும், தொழிற்சாலைச் சங்கு ஊதுமுன் கோபுரவாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடுகிறவருக்கும் வீரராகவர் அந்நியரல்லர். முதலாளிக்கு வேலை கொடுக்கலாம். அடிமை கொடுக்க வேண்டியதில்லை.

ஊர்ப்பெயர் ஆன விதத்தையும் பார்க்க வேண்டும். காலெட் என்னும் பெயர் இவ்வூர் மக்கள் நாவில் நிற்கவில்லை. வழங்கி வழங்கி அது ‘காலடி’ என்று திரிந்தது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நிலையத்தின் பலகையிலும் ‘காலடிப்பேட்டை’ என்றே எழுதியிருக்கிறது. ஒரு காலத்தில் பலர் தலைகுனிந்து நின்ற கவர்னரின் பெயர், அவர் எடுப்பித்த கோயிலின் நிழலில், திருவடியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. மொழிநூலார் இதை வெறும் ஒலித்திரிபு என்பர். அது சரியே. ஆனாலும் பெருமாளை ஸேவிக்க இறங்கும் பக்தர்கள் அந்தப் பெயரைக் காலெட் துரையை நினைத்துப் படிப்பதில்லை.

எம்பெருமான் ஒருவனுக்கே அடியேன் என்றால், எதிரே வரும் சக மனிதரிடம் ‘அடியேன்’ என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? இதுவே இச்சொல்லின் உயிர்நிலை. ‘நம:’ என்னும் பதத்தில் பாகவதர்களுக்கு அடிமையாயிருத்தல் அடங்கும் என்று பெரியோர்கள் நிர்வஹித்தனர். நம்மாழ்வார் திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியும், எட்டாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியும் இந்தப் பொருளுக்காகவே அமைந்தவை. எம்பெருமானுக்கு ஆட்பட்டவர் எக்குலத்தினராயினும் அவரே தமக்கு ஸ்வாமி என்பது ஆழ்வார் திருவுள்ளம். ஆகையால் பாகவதரிடம் சொல்லும் ‘அடியேன்’ இன்னொரு எஜமானனைத் தேடிக்கொள்வதன்று. அவனிடம் சொன்ன அதே சொல்லின் எல்லை. அவர் பதிலுக்குச் சொல்வதும் ‘அடியேன்’தானே. இருவரும் அடியில் நின்றுவிட்டால் அங்கே மேலே நிற்பவர் யார்?

சொல்வது எளிது. செய்து காட்டியவர் உடையவர். 1017ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த அவர், இளமையில் காஞ்சியில் எழுந்தருளியிருந்த காலத்தில், வரதனுக்கு ஆலவட்டக் கைங்கர்யம் செய்துவந்தவர் பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சிநம்பி. அவர் வைசிய குலத்தவர். விசிறும்போது வரதன் அவரோடு வார்த்தையாடுவான் என்பது குருபரம்பரைச் செய்தி. அந்த நம்பியின் திருவடிகளில் விழுந்து அவரை ஆசார்யராகப் பெற உடையவர் விரும்பினார்; நம்பி இசையவில்லை. அவர் அமுதுசெய்த சேஷத்தையாவது பெறவேண்டும் என்று அவரைத் தம் திருமாளிகைக்கு அழைத்தார். உடையவர் ஒரு வீதியாக எதிர்கொண்டு அழைக்கப் போக, நம்பி வேறு வீதியாக வந்து, அமுதுசெய்து, கைங்கர்யத்திற்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார். உடையவர் திரும்பி வந்து பார்த்தபோது நம்பி அமுதுசெய்த இடம் மெழுகப்பட்டிருந்தது, மிச்சம் அப்புறப்படுத்தப்பட்டிருந்தது, தேவிகள் நீராடிவிட்டுப் புதிதாகத் தளிகை செய்துகொண்டிருந்தார்.

அந்த மெழுகிய தரையைக் கண்ட உடையவர் திருவுள்ளம் எவ்வளவு புண்பட்டிருக்கும்! வாயால் நம்பிக்கு உபசாரம் செய்யப்பட்டது, இலை போடப்பட்டது, அன்னமும் இடப்பட்டது. குறை எதுவும் வைக்கவில்லை என்றே அவ்வம்மையார் நினைத்திருப்பார். அவர் பழக்கத்தைத்தான் செய்தார். ஆனால் உபசாரம் முடிந்த பிறகு இடப்பட்ட சாணமும் தெளித்த நீரும், ‘அடியேன்’ என்னும் சொல் அந்த வீட்டுத் தரைவரை வந்து சேரவில்லை என்பதைச் சொல்லிவிட்டன. இந்நிகழ்ச்சியைச் சொல்லி அந்த அம்மையாரைப் பழிப்பது உபந்யாஸங்களில் எளிதாக நடந்துவருகிறது. பழிக்கிறவர்களுடைய வீட்டில் தனி டம்ளர் இல்லாதிருக்குமானால் அப்படிப் பழிக்கலாம்.

பின்னர் உடையவரின் ஐயங்களுக்கு வரதன் அருளிய ஆறு வார்த்தைகள் வெளிப்பட்டதும் அதே நம்பியின் வாய்வழியாகத்தான். அவற்றுள் ஒன்று, பெரிய நம்பியை ஆசார்யராகப் பற்றுக என்பது. அந்தப் பெரிய நம்பியின் திருக்குமாரத்தி அத்துழாய் வாழ்க்கையில் நடந்த செய்தி, அடியேன் என்னும் சொல்லுக்கு எழுதப்பட்ட வ்யாக்யானங்கள் எல்லாவற்றிலும் பெரிது.

அத்துழாய் புகுந்தகத்தில் இருக்கையில், விடியற்காலத்தில் நீராடத் தனியே போக அஞ்சி மாமியாரைத் துணைக்கு அழைத்தாள். ‘உன் சீதன வெள்ளாட்டியை அழைத்துக்கொண்டு போவதுதானே’ என்றாள் மாமியார். சீதனத்தோடு ஒரு பணிப்பெண்ணைக்கூட அனுப்பாத வீடு என்று குத்திக்காட்டிய சொல் அது. கண்ணீரோடு தந்தையிடம் வந்தாள். பெரிய நம்பி, ‘எனக்கு ஒன்றும் தெரியாது, உன் அண்ணனிடம் போய்ச் சொல்’ என்று உடையவரைக் காட்டினார். உடையவர் அருகில் அப்பொழுது நின்றிருந்தவர் முதலியாண்டான்.

ஆண்டான் உடையவருக்கு ஸஹோதரி குமாரர். பூவிருந்தவல்லியை அடுத்த பேட்டையில் அவதரித்தவர். உடையவர் ஸந்யாஸம் மேற்கொண்டு எல்லாவற்றையும் துறந்தபோதும் ஆண்டானைத் துறக்கவில்லை என்பது ப்ரஸித்தம். சாஸ்த்ரங்களில் நிகரற்றவர். சரமச்லோகத்தின் பொருளைக் கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பியிடம் சென்று ஆறு மாதம் காத்திருந்து, வித்யை, தனம், குலம் என்னும் மூன்றினால் வரும் செருக்கும் கழிய வேண்டும் என்னும் வார்த்தையைப் பெற்றுத் திரும்பியிருந்தார். செருக்கு கழிந்ததா என்பதை யார் அளப்பது? அத்துழாயின் கண்ணீர் அதற்கு அளவுகோலாக வந்தது. ‘இவரைச் சீதன வெள்ளாட்டியாக அழைத்துக்கொண்டு போ’ என்றார் உடையவர்.

ஆண்டான் மறுசொல் பேசவில்லை. போனார், நீர் சுமந்தார், விறகு கொணர்ந்தார், தளிகை செய்தார். அவ்வீட்டார் அவரைச் சமையற்காரர் என்றே நடத்தினர். ஒருநாள் அங்கே ஒருவர் சாஸ்த்ரார்த்தத்தைத் தவறாக உரைக்க, அடுக்களையிலிருந்த ஆண்டான் பொறுக்கமாட்டாமல் உண்மைப் பொருளை எடுத்துரைத்தார். ‘நீர் யார்?’ என்று கேட்டு, உடையவரின் முதல் சிஷ்யர் என்று அறிந்து, எல்லோரும் நடுங்கித் திருவடிகளில் விழுந்தனர். உடையவரிடம் ஓடி அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டினர். உடையவரும் உகந்து அழைத்து, வேறெங்கும் அனுப்பாமல், தாமே சரமச்லோகத்தின் பொருளை அவருக்கு அருளினார்.

அந்த அடுக்களை நாட்களில் ஆண்டான் தம்மை ‘அடியேன்’ என்று சொல்லிக்கொண்டாரா என்று குருபரம்பரை குறிக்கவில்லை. குறிக்கத் தேவையும் இல்லை, குடத்தைத் தூக்கினார். அவர் வணங்கி நின்றதும் தம்மினும் கல்வியிலும் வயதிலும் மிக்கவர் முன்னல்ல. மாமியார் வீட்டில் கேட்பாரற்று நின்ற ஒரு பெண்ணின் முன். மேலோர் முன் சொல்லும் ‘அடியேன்’ எளிது. சில சமயம் லாபமும் தரும். அறங்காவலர் வந்தால் ‘அடியேன்’, உபயக்காரர் வந்தால் ‘அடியேன்’. திருவீதியைப் பெருக்குபவர் வந்தால் ‘கொஞ்சம் தள்ளி நில்’ என்பது. இப்படிச் சொல்லும் வாய்க்கு அந்தச் சொல்லின் உகாரமும் தெரியாது, நமஸ்ஸும் தெரியாது. நாட்டில் பெரியவர் முன் சொன்னால் ஆதாயம் தரும் சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. அதற்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஸந்நிதியில் தீர்த்தம் பெற்ற பிறகு ஸேவார்த்திகள் தலைகுனிந்து நிற்க, அர்ச்சகர் எம்பெருமானுடைய திருவடிநிலைகளை அவரவர் சிரஸ்ஸில் வைக்கிறார். அதற்கு ஸ்ரீசடகோபம் என்று பெயர். சடகோபர் என்பது நம்மாழ்வார் திருநாமம். எம்பெருமானுடைய திருவடியாகவே ஓர் அடியார் நிற்கிறார். அதுவும் வேளாளர் குலத்தில் திருக்குருகூரில் அவதரித்தவர். அந்த ஆழ்வார் திருநகரியில் ஆழ்வாருடைய திருவடிநிலைக்கு ஸ்ரீராமாநுஜம் என்று பெயர். அடி என்று எதைக் காட்டினாலும் அங்கே ஓர் அடியார் இருக்கிறார். தலையில் ஒரு கணம் படும் குளிர்ச்சியோடு இந்தப் பெயர்களையும் நினைவில் கொள்ளலாம். காலடிப்பேட்டையில் கல்யாண வரதனை ஸேவிக்க வரும் துறைமுகத் தொழிலாளியும் அவருக்குச் சம்பளம் கொடுப்பவரும் அந்த வரிசையில் அடுத்தடுத்து நிற்கும்போது, இருவர் தலையிலும் வைக்கப்படுவது ஒரே திருவடி.

உடையவர் ஸந்நிதிக்குச் செல்லும் அன்பர்கள் அங்கே ஸாதிக்கப்படும் திருவடிநிலையின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஸம்ப்ரதாயத்தில் அதற்கு வழங்கும் பெயர் முதலியாண்டான்.